எதிர்பாராத சிசேரியனும் தன்மேல் சுமத்திக்கொள்ளும் குற்றமும்

பிள்ளை பிறந்த செய்தி எட்டியதும் வருகிற முதல் விசாரிப்புகளில் ஒன்று, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பது. கேட்பவர் எந்த உள்நோக்கத்தோடும் கேட்பதில்லை. ஆனால் தமிழில் இந்தக் கேள்வியின் அமைப்பிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது: சுகம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது, ஆகவே மறுபக்கத்தில் நிற்பது சுகம் தவறிய ஒன்று. 'நார்மல்' என்ற இரவல் சொல்லுக்கு மாறினாலும் நிலைமை தேறுவதில்லை. ஒன்று இயல்பானதென்றால் மற்றது இயல்பு தப்பியது என்றாகிவிடுகிறது. பதினெட்டு மணி நேரம் வலியில் கிடந்து, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து, முக்கி முக்கிக் களைத்த பிறகு அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லப்பட்ட பெண், இரண்டு வகைப் பிரசவத்தின் சிரமத்தையும் பட்டவர். கணக்கில் ஏறுவதோ கடைசி ஒரு மணி நேரம் மட்டுமே.

மருத்துவத்தின் மொழியும் இதில் பெரிதாக உதவுவதில்லை. 'பிரசவம் முன்னேறவில்லை' என்றும் 'இண்டக்ஷன் (மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது) ஃபெயில் ஆகிவிட்டது' என்றும் சொல்வது மருத்துவர்களுக்கு வெறும் வழக்குச்சொல். 'ஃபெயில்' என்பதைத் தேர்வு முடிவோடு மட்டுமே சேர்த்துக் கேட்டுப் பழகிய காதில் அது வேறுவிதமாக விழுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். படுத்திருந்தவருக்குக் கேட்பதோ, 'நீ தேறவில்லை' என்பது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த கணக்குப்படி, உலகில் நிகழும் பிரசவங்களில் 21 சதவீதம், அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல், சிசேரியன் வழியாகவே நடக்கின்றன. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது ஏறத்தாழ 7 சதவீதமாக இருந்தது. இவற்றில் நாள் குறித்துச் செய்யப்படுபவை ஒரு வகை. வலி கண்ட பிறகோ, திடீர்ச் சிக்கல் ஒன்று தலைதூக்கியதாலோ தீர்மானிக்கப்படுபவை மற்றொரு வகை. தன்னையே பழித்துக்கொள்ளும் எண்ணம் இரண்டாம் வகையினரிடமே அழுத்தமாக வேர்பிடிக்கிறது. மாதக்கணக்கில் மனத்தில் ஒத்திகை பார்த்த ஒரு நிகழ்வு பாதியில் வெட்டுப்படுகிறது. அந்த வெட்டும் நிதானமாக விழுவதில்லை. தாய்க்கோ சேய்க்கோ உடனடி ஆபத்து என்ற நிலையில், முடிவெடுத்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதே பல மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளும் அளவுகோல். அந்த அரை மணி நேரத்தில் ஒப்புதல் படிவம், முதுகில் ஊசி, கண்ணைக் கூசும் விளக்கு, அறிமுகமில்லாத முகங்கள் என எல்லாம் அடுத்தடுத்து வந்துபோய்விடுகின்றன. நடந்ததை மனம் வரிசைப்படுத்திப் பார்ப்பதற்குள் கையில் ஒரு குழந்தை இருக்கிறது. அதற்குப் பசிக்கவும் தொடங்கிவிடுகிறது.

வரிசைப்படுத்தும் வேலையை மனம் பின்னர், பெரும்பாலும் இரவு இரண்டு மணிப் பாலூட்டலின்போது, தனியாகச் செய்கிறது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று தோன்றுவது மனித மனத்தின் பொது இயல்பு என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் ஆய்வுகள் மூலம் காட்டினார். நடந்ததை மனத்துக்குள் மாற்றி எழுதிப் பார்க்கும்போது எந்தப் பகுதியை மாற்றுகிறோம் என்பதை டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் ஆராய்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து வந்தவர்கள், நம் கட்டுப்பாட்டில் இருந்த செயல்களையே நாம் முதலில் திருத்தி எழுதுகிறோம் என்று கண்டார்கள். குழந்தையின் தலை சற்றுத் திரும்பி இருந்தது, கர்ப்பப்பை ஒரு கட்டத்தில் சோர்ந்துபோனது ஆகியவற்றைக் கற்பனையில் மாற்றுவது கடினம். 'அன்று மாலை இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால்', 'ஊசி வேண்டாம் என்று சொல்லியிருந்தால்' என்று மாற்றுவதோ எளிது. இப்படி, காரணங்களில் மிகப் பெரியது எதுவோ அதை விட்டுவிட்டு, திருத்துவதற்கு மிக எளியது எதுவோ அதையே மனம் குற்றவாளியாக்குகிறது. அந்த இடத்தில் எப்போதும் தாய்தான் நிற்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. பேரிடருக்கு உள்ளானவர்கள் தம்மைத் தாமே பழித்துக்கொள்வதில் இரண்டு வகைகளை உளவியலாளர் ரானி யானோஃப்-புல்மன் 1979-ல் பிரித்துக் காட்டினார்: செய்த செயலைப் பழிப்பது, தன் இயல்பையே பழிப்பது. 'நான் தாமதமாகக் கிளம்பிவிட்டேன்' என்பது முதல் வகை. 'என் உடம்பு எதற்கும் லாயக்கில்லை' என்பது இரண்டாவது. முதல் வகைக்குள் ஒரு விசித்திரமான ஆறுதல் இருக்கிறது. தவறு என்னுடையது என்றால், அடுத்த முறை அதைத் தவிர்க்கவும் என்னால் முடியும் என்று பொருள். யாருடைய கையிலும் இல்லாத ஒன்று நடந்துவிட்டது என்று ஏற்பதைவிட, என் கையில் இருந்ததை நான் தவறவிட்டேன் என்று நம்புவது சிலருக்குப் பொறுக்கத்தக்கதாக இருக்கிறது. 'உன் மீது தவறே இல்லை' என்று எத்தனை முறை சொன்னாலும் அது பலருக்குள் இறங்காமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த வாக்கியம் குற்றத்தோடு சேர்த்து, கட்டுப்பாடு என்ற நம்பிக்கையையும் பறித்துக்கொள்கிறது. இரண்டாம் வகையில் இந்த ஆறுதலும் இல்லை. அது செயலைத் தாண்டி ஆளையே குறிவைப்பதால் மனச்சோர்வுக்கு நெருக்கமானது.

ஆகவே, பொதுவான சமாதானத்தைவிட, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே பயன் தருகிறது. அடிக்கடி கேட்பவற்றில் ஒன்று, 'வலி வருவதற்கு மருந்து வைக்க நான் சம்மதித்திருக்கக் கூடாது' என்பது. அமெரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த, சிக்கல் எதுவுமில்லாத 6,106 பெண்கள் பங்கேற்றார்கள். 39-வது வாரத்திலேயே வலி வரவழைப்பதென்று ஒதுக்கப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருப்பதென்று ஒதுக்கப்பட்டவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. எல்லோரும் வலியை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சம்மதித்ததுதான் கத்திக்கு வழிவிட்டது என்ற கணிப்புக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. வலி தாங்காமல், முதுகில் போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் ஊசி கேட்டதற்காகத் தம்மைக் கடிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அந்த ஊசி சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. குழந்தையின் முகம் மேல்நோக்கி இருந்ததற்குத் தாம் உட்கார்ந்த விதம் காரணமோ என்ற சந்தேகமும் பரவலானது. 2004-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு பாதியினர் 37-வது வாரத்திலிருந்து தினமும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இடுப்பை அசைக்கும் பயிற்சியைச் செய்தார்கள். பிறக்கும் நேரத்தில் குழந்தை இருந்த நிலையில் அது எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

'கொடி சுற்றியிருந்தது' என்பது இன்னொன்று. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது ஏறத்தாழ நான்கைந்து பிரசவங்களுக்கு ஒன்றில் காணப்படுவது. குழந்தை உள்ளே புரள்வதால் நேர்வதேயன்றித் தாய் கையைத் தூக்கியதாலோ ஒருக்களித்துப் படுத்ததாலோ நேர்வதில்லை, பெரும்பாலான வேளைகளில் அது தீங்கும் செய்வதில்லை. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடுவதும் அப்படித்தான். நாள் தள்ளிப்போகப் போக அது கூடுதலாக நிகழ்கிறது. தாய் உண்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இடுப்பு எலும்பின் அளவைப் பொறுத்தவரை, எக்ஸ்ரே எடுத்து அளந்தாலும் பிரசவம் எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதுதான் ஆய்வுகள் காட்டியது. கருவி கொண்டு கணிக்க முடியாத ஒன்றை முன்பே உணர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு தாய் தன்னிடம் எதிர்பார்ப்பது கொடுமையான எதிர்பார்ப்பு.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: வயது, உடல் எடை, நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவை வாய்ப்பைக் கூட்டுபவை மட்டுமே. அதே எடையும் அதே வயதும் கொண்ட பலர் வேறுவிதமாகப் பெற்றெடுக்கிறார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கைத் தனி ஒருவர் மீதான தீர்ப்பாக வாசிப்பது தவறான வாசிப்பு.

'என் உடம்பு முன்னேறவில்லை' என்ற குறைபாட்டுணர்வுக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் எந்த வேகத்தில் திறக்கும் என்பதற்கு மகப்பேறு மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் 1950-களின் நடுப்பகுதியில் வரைந்த வளைகோடுதான் பல பத்தாண்டுகள் உலகெங்கும் அளவுகோலாக இருந்தது. நான்கு சென்டிமீட்டரை எட்டியதும் பிரசவம் வேகமெடுக்க வேண்டும், அதன்பின் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதமாவது திறக்க வேண்டும் என்பது பிரசவ அறைகளின் எழுதப்படாத சட்டமாகவே இருந்தது. 2014-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்புகள், வேகமெடுக்கும் கட்டம் ஆறு சென்டிமீட்டரில்தான் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும் என்று அறிவித்தன. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அதை ஐந்து என்று வைத்ததோடு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது சில பெண்களுக்குப் பொருந்தாத வேகம் என்றும் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு சென்டிமீட்டரில் 'நின்றுபோனதாக' எழுதப்பட்டு அறுவைக்கு அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனையோ பேர், இன்றைய அளவுகோலின்படி நிதானமாக, சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தவறு கடிகாரத்தில் இருந்தது.

இதைச் சொன்னதும் வேறொரு முள் குத்தும். அப்படியானால் என் அறுவை சிகிச்சையும் தேவையற்றதாக இருந்திருக்குமோ? நான் எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டுமோ? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. தவிர்த்திருக்கக்கூடிய சிசேரியன்கள் நடக்கின்றன என்பது உண்மை. சிசேரியன் விகிதம் ஒரு மக்கள் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டும்போது தாய்சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் குறிப்பிட்டது. கூடவே, விகிதத்தைத் துரத்துவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைப்பதே முக்கியம் என்றும் சேர்த்துக்கொண்டது. பிரசவ நேரம் முழுவதும் உடன் ஒருவர் இருந்து தாங்கினால் சிசேரியன் குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்யும் கருவி, இடைவெளி விட்டுக் கேட்பதோடு ஒப்பிட்டால், பிறந்த குழந்தைகளுக்கு வரும் வலிப்பைக் குறைக்கிறது. மூளைவாதத்தையோ (மூளை பாதிப்பால் வரும் இயக்கக் குறைபாடு) இறப்பையோ குறைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியனை மட்டும் கூட்டுகிறது. துடிப்பு குறைகிறது என்று அவசரமாக எடுத்த குழந்தை பிறந்த கணமே வீறிட்டு அழும்போது, 'நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு வெட்டினார்கள்?' என்ற நினைப்பு எழுவது இயல்பே. ஆனால் அழுகை அந்த முடிவைத் தவறென்று நிரூபிப்பதில்லை. ஆபத்து வந்திருக்குமா என்பதைக் காத்திருந்து மட்டுமே அறிய முடியும் என்ற நிலையில் காத்திருக்காமல் எடுத்த முடிவு அது. சில இடங்களில் அந்த முடிவு உண்மையிலேயே அவசரப்பட்டதாக இருக்கலாம். அப்போதும் கணக்குக் கேட்கப்பட வேண்டியவை பணியாளர் பற்றாக்குறை, துணை இல்லாத பிரசவ அறை, வழக்குக்கு அஞ்சும் மருத்துவம் ஆகியவைதாம். வலியின் நடுவே, அரைகுறைத் தகவலோடு, தன் குழந்தையின் உயிரைப் பற்றிய கேள்விக்குக் கையெழுத்திட்டவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். இந்த வேறுபாடு தெளிந்தால், தன்மீது திரும்பியிருக்கும் பழி சில பெண்களிடம் நியாயமான கோபமாக மாறும். அந்தக் கோபத்தை ஒரு முன்னேற்றமாகவே நான் பார்க்கிறேன்.

அறுவை அரங்கின் நினைவுகளும் தனியே குற்றம் சாட்டும். குழந்தையைக் காட்டியபோது எதுவும் தோன்றவில்லை, கை நடுங்கியதால் வாங்க மறுத்தேன், மயக்கத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முதுகு ஊசிக்குப் பிறகு கட்டுக்கடங்காத நடுக்கம் வருவது மிகச் சாதாரணம். உடல் வெப்பத்தைக் காக்கும் ஏற்பாடு குலைவதால் வருவது அது, பாசத்தின் அளவு அல்ல. முதல் ஒரு மணி நேரத்தை இழந்தால் பிணைப்பே போய்விடும் என்ற அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸும் ஜான் கெனலும் 1972-ல் 28 தாய்மார்களை வைத்து வெளியிட்ட ஆய்விலிருந்துதான், பிறந்தவுடன் வரும் நேரம் திரும்பக் கிடைக்காத காலம் என்ற கருத்து பரவியது. பின்வந்த ஆய்வுகள் மனிதர்களிடம் அப்படியொரு மூடிப்போகும் வாசல் இருப்பதை உறுதிசெய்யவில்லை. தோலோடு தோல் அணைத்துக்கொள்வதில் நன்மைகள் உண்டு. அதைப் பிறகும் செய்யலாம். தாய்ப்பால் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் தாமதமாக ஊறலாம். அடிக்கடி குழந்தையை மார்பில் விடுவதும், தையலை அழுத்தாதபடி படுத்த நிலையிலோ பக்கவாட்டிலோ பிடித்துக்கொள்வதும் உதவும்.

இனி, சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஒரு வாக்கியம்: "குழந்தை நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன?" அன்பில் பிறந்த இந்த வாக்கியம் ஏன் காயப்படுத்துகிறது? நடந்ததில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. எதிர்பார்த்த ஒன்றை இழந்த துக்கம் ஒன்று. அந்த இழப்புக்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்வு மற்றொன்று. துக்கத்துக்கு அனுமதி கிடைக்காதபோது அது குற்றத்தின் உருவில்தான் வெளியே வருகிறது. 'நான் தவறு செய்தேன்' என்று சொல்பவருக்கு மறுமொழி சொல்லவாவது யாராவது முன்வருகிறார்கள், 'நான் இழந்துவிட்டேன்' என்று சொல்பவரிடம் எதை இழந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார்கள். நலமான குழந்தையைக் காட்டி அவரை வாயடைக்கும்போது, பழைய குற்றத்தோடு நன்றிகெட்டவள் என்ற புதுக் குற்றமும் சேர்கிறது. 'தாயும் சேயும் நலம்' என்று சொல்லும் மரபு நமக்குண்டு. அந்தத் தொடரில் தாய்க்குத்தான் முதலிடம். கேட்பவர் செய்யக்கூடிய சிறந்த உதவி, "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் ஆறுதல் சொல்லாமல் இருப்பது. அறுவை அரங்கின் வாசலில் நின்ற கணவருக்கும் அந்த இரவு ஒரு சுமைதான். இருவரும் தத்தம் நினைவைச் சொல்லிக்கொள்ளும்போது, ஒருவர் அறியாத துண்டுகள் மற்றவரிடமிருந்து கிடைக்கும்.

நடந்ததை வரிசைப்படுத்தும் வேலையை இரவின் தனிமையிலிருந்து பகலின் காகிதத்துக்குக் கொண்டுவருவது பலருக்குக் கைகொடுக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியும், கிடைத்தால் பிரசவ நேரப் பதிவேடும் கையில் இருக்கட்டும். மணி வாரியாக நிகழ்வுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது என்ன?' என்பதை மட்டும் எழுத வேண்டும். பின்னால் தெரியவந்ததை அந்தப் பத்தியில் சேர்க்கக் கூடாது. விதி எளியது, கடைப்பிடிப்பது கடினம். எழுத எழுத, குற்றம் என்று நினைத்தவற்றுள் பல, அந்த நேரத்துத் தகவலுக்கு நியாயமான முடிவுகளாகவே நிற்பது தெரியும். விடுபட்ட இடங்களை ஆறாவது வாரப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் கேட்கலாம்: எந்த அறிகுறியைக் கண்டு முடிவெடுத்தீர்கள், வேறு வழி இருந்ததா, அடுத்த முறைக்கு இது எதைக் குறிக்கிறது? தகவலுக்கான இந்த உரையாடல் வேறு, அதிர்ச்சியை மீண்டும் வாழவைக்கும் ஒற்றை அமர்வு ஆலோசனை வேறு. பின்னதைப் பிரசவித்த எல்லோருக்கும் வழங்குவதால் பயன் விளைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பேச விரும்பாதவரைப் பேசவைப்பது கூடவே கூடாது. உறக்கமின்மை, தையல் வலி, இரத்த இழப்பால் வரும் சோகை ஆகியவை எந்த எண்ணத்தையும் இருமடங்கு கறுப்பாக்கும் என்பதால், வலிமருந்தும் தொடர்ச்சியான நான்கு மணி நேர உறக்கமும் மனத்துக்கான சிகிச்சையின் பகுதிதான்.

பிரசவித்தவர்களின் மனச்சோர்வைக் கண்டறிய ஜான் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எடின்பரோவில் உருவாக்கி 1987-ல் வெளியிட்ட, இன்றும் உலகெங்கும் பயன்படும் வினாத்தாளில் பத்தே கேள்விகள் உள்ளன. அவற்றில் மூன்றாவது, ஏதேனும் தவறாகப் போனபோது காரணமின்றி என்னையே பழித்துக்கொண்டேன் என்பது. தன்னைப் பழித்தல் வெறும் மனநிலையா நோயின் அடையாளமா என்ற ஐயத்தை மருத்துவம் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்பதற்கு அந்த இடமே சான்று. முதல் சில நாட்களில் வரும் அழுகையும் தடுமாற்றமும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், எதிலும் பிடிப்பற்றுப் போனால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அறுவை அரங்கு கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, மருத்துவமனை இருக்கும் தெருவைக்கூடத் தவிர்த்தாலோ, உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருந்தாலோ, அது பிரசவத்தால் வந்த அதிர்ச்சி நோயாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு அது வருகிறது, சிக்கலான பிரசவங்களுக்குப் பின் இன்னும் கூடுதலாக. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியே மாற்றும் முறை) முதலியன இதற்குப் பலன் தருகின்றன. மருந்து தேவைப்பட்டால், பாலூட்டும் காலத்தில் எடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் வந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே, உடன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த கர்ப்பத்தில் இந்தக் கதை மறுபடி எழும். முந்தைய சிசேரியனுக்குப் பின் இயல்வழிப் பிரசவத்தை முயல்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் அப்படியே பெற்றெடுக்கிறார்கள். முயல்பவர்களில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குப் பழைய தையல் பிரியும் ஆபத்து உண்டு என்பதால் அவசர அறுவைக்கு வசதியுள்ள இடத்திலேயே அதை முயல வேண்டும். முதல் பிரசவத்தின் பழியைக் கழுவிக்கொள்ளும் வாய்ப்பாக அதைப் பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது: அப்படிப் பார்த்தால் இரண்டாவதும் அறுவையில் முடியும்போது சுமை இரட்டிப்பாகும். நாள் குறித்த சிசேரியனைத் தேர்ந்தவர்களில் பலர், இம்முறை எல்லாம் தெரிந்து, விழிப்போடு, நிதானமாக நடந்ததையே பெரிய நிம்மதியாகச் சொல்கிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும், மருத்துவர் முதலில் கேட்கப்போவது கர்ப்பப்பையின் மேல் வெட்டு எந்தத் திசையில் போடப்பட்டது என்பதை. தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. பழைய அறுவைக் குறிப்பில்தான் அது இருக்கும். அதன் நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.